கடலுக்குள் போகும் கைக்கு எந்தப் பூச்சு: பாலிஷா, ஜெல்லா, மருதாணியா?

தை மாதம் வீட்டில் கல்யாணம், மாசியில் அந்தமானுக்கு டைவிங். என் அண்ணன் மகளுக்கு இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்து நின்றபோது அவள் கேட்டாள்: "அத்தை, அக்கா கல்யாணத்துக்கு ஜெல் போட்டுக்கிடட்டா? அது அப்படியே அந்தமான் வரைக்கும் நிக்குமா? இல்ல, மருதாணி மட்டும் வச்சுக்கிட்டாப் போதுமா?" அவளுக்கு முன்னாலேயே பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிற மூன்று நான்கு பெண்கள் இதையே வேறு வேறு மாதிரி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி, ராமேசுவரத்தில் முதல் டைவுக்கு இறங்கப் போகிற முந்தின ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினாள், அப்போது அவளுக்குப் பத்து விரலிலும் கறுப்புப் பாலிஷ். அன்றைக்கு அவசரத்தில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். அது முழுப் பதில் இல்லை என்று அப்புறம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இப்போது உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பெண்கள் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது எனக்குப் பெரிய சந்தோஷம். தூத்துக்குடி 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான். கொற்கை முத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கடல்தான். அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது, அதுவரைக்கும் காலில் கல்லைக் கட்டி மூச்சைப் பிடித்து இறங்கினவர்கள் ஆண்கள். இன்றைக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறிப் போய்க் கடலுக்கடியில் அரை மணி நேரம் மூச்சு விட்டுவிட்டு வருகிறாள் என்றால், அவள் நகத்தில் கலர் கேட்பதை "இதெல்லாம் இப்ப தேவையா" என்று தள்ள எனக்கு மனசில்லை. கலரும் வேண்டும், கடலும் வேண்டும். அதற்கு எது தோது என்று பார்ப்போம்.

## எதை வைத்து முடிவு பண்ணுவது

கடையில் நிற்கும்போது நாம் பார்ப்பது இரண்டுதான்: என்ன கலர், எத்தனை நாள் நிற்கும். டைவிங் போகிறவளுக்கு இவை இரண்டும் கடைசியில் வர வேண்டும் என்பது என் கட்சி. நான் பார்க்கிற வரிசை இது.

முதலாவது, நகக்கண், அதாவது நகத்துக்கு அடியில் இருக்கிற ரோஸ் சதை, தெரிகிறதா? கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி விரலில் மாட்டினோமே, அப்போது நர்சம்மா "பாலிஷை அழிச்சிட்டு வாங்கம்மா" என்று சொன்னது ஞாபகம் இருக்கும். அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாக அனுப்பித்தான் ஆக்சிஜனைக் கணக்குப் போடுகிறது; கறுப்பு, நீலம், கரும்பச்சை மாதிரியான அடர்ந்த பாலிஷ் அந்த ஒளியை நடுவில் குடித்துவிடும். இப்போதைய கருவிகளில் வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரண்டு புள்ளிதான், கருவியைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினால் சமாளித்துவிடலாம், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் படகில் கருவியே இல்லாத நேரமும் உண்டு. அப்போது வழிகாட்டி உங்கள் கையைப் பிடித்து நகத்தை அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் வெளுத்து, விட்டால் இரண்டு விநாடிக்குள் ரோஸ் திரும்பி வர வேண்டும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை. சிலிண்டர் நிரப்பும்போது கம்ப்ரசருக்குள் என்ஜின் புகை போய்விட்டால் வருகிற கார்பன் மோனாக்சைடு விஷத்திலோ நகக்கண்ணும் உதடும் செக்கச்செவேல் என்று ஆகலாம் என்று டைவிங் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். இது எல்லாருக்கும் தெரிகிற அறிகுறி இல்லை, இதை மட்டும் நம்பக்கூடாது, இருந்தாலும் பத்து விரலையும் மூடிவிட்டால் பார்க்க உதடு மட்டும்தான் மிச்சம்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமாகத்தான் இருந்தது, ஒரு நாள் கூட வந்த பெண் மேலே ஏறியதும் தலை சுற்றுகிறது என்று படகில் சாய்கிற வரைக்கும். வழிகாட்டி அவள் கையை எடுத்தார், பத்து நகமும் திராட்சைக் கறுப்பு. ஆக்சிமீட்டர் முதலில் எண்ணே காட்டவில்லை. திருப்பி மாட்டி, அது நிதானத்துக்கு வந்து 97 என்று காட்டுகிறதுக்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் அது வெறும் கடல் மயக்கம்தான், வாந்தி எடுத்ததும் சரியாகிவிட்டாள். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை.

இரண்டாவது, அழிப்பது எப்படி? எங்கே உட்கார்ந்து, எதை வைத்து, எவ்வளவு நேரம்? போடுவது பார்லரில் ஏசிக்குள் நடக்கிறது; அழிக்க வேண்டி வருவது பெரும்பாலும் தீவில் ஒரு சின்ன ரூமில், ஈர வெட்சூட் (டைவிங்குக்குப் போடுகிற ரப்பர் உடுப்பு) தொங்குகிற குளியலறையில். இதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் மறைந்திருக்கிற செலவெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, நிற்குமா? நான்காவது, கடலில் என்ன விழுகிறது? உரிகிற துணுக்கு எல்லாம் பிளாஸ்டிக் மாதிரியான பொருள், ஜிகினாத் தூளோ நிஜமான பிளாஸ்டிக்கே. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று காப்பாற்றுகிறார்கள், அந்தப் பவளத்தைப் பார்க்கப் போகிற நாம் அதன் மேல் ஜிகினா உதிர்த்துவிட்டு வருவது சரியில்லை.

ஐந்தாவதுதான் அழகு. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்பு. ஐந்து மீட்டரிலேயே மங்க ஆரம்பித்து, பத்து மீட்டர் போகும்போது கல்யாணச் சிவப்பு சகதி மாதிரி தெரியும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். நீலம்தான் கடைசி வரைக்கும் நிற்கும். டார்ச் அடித்தால் சிவப்பு திரும்பி வரும், அது ஒரு அழகு. சாதாரணச் சிவப்பு செத்துப்போகிற ஆழத்திலும் பளிச்சென்று இருப்பது நியான் நிறங்கள், ஏனென்றால் அவை நீல ஒளியை வாங்கிக்கொண்டு தன் நிறத்தில் திருப்பி விடுகின்றன. கை சைகை காட்டும்போது நியான் ஆரஞ்சு நகம் கலங்கல் தண்ணீரிலும் கண்ணில் படுகிறது என்பது என் அனுபவம்.

## சாதா நெயில் பாலிஷ்

டவுனில் எந்த பேன்சி ஸ்டோரிலும் கிடைக்கிறது, விலை குறைவு, யார் உதவியும் வேண்டாம். இது நைட்ரோசெல்லுலோஸ் என்கிற பொருளைக் கரைப்பானில் கரைத்தது. கரைப்பான் ஆவியாகப் போக, மிச்சம் படலமாக நிற்கிறது. பத்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே முழுசாக இறுக ஒரு ராத்திரி வேண்டும். காலையில் ஆறு மணிப் படகுக்கு ஐந்தரைக்குப் போடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது நிற்காது, அதைவிட அந்த வாசனை படகில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குமட்டலைக் கிளப்பும்.

எல்லாரும் உப்புத் தண்ணீர்தான் பாலிஷை உரிக்கிறது என்று நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. தண்ணீரில் நகம் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நாளில் இரண்டு டைவ், நடுவில் ஒரு மணி நேரம் வெயில் என்றால் இரண்டு தடவை உப்பிச் சுருங்குகிறது, மேலே இருக்கிற படலத்தால் அந்த அளவுக்கு வளைய முடியாமல் நுனியில் விரிசல் விடும். மிச்சப் பாதி வேலை நம் சாமான்கள் பண்ணுவது. சிலிண்டரைப் பிடிக்கிற பட்டையின் கொக்கியை இழுத்துப் பூட்டுவது, ஈர வெட்சூட்டை நகத்தால் பிடித்து மேலே ஏற்றுவது, காலில் மாட்டுகிற துடுப்பான ஃபின்ஸின் வாரை இழுப்பது. வெட்சூட்டை நகத்தால் இழுத்தால் பாலிஷ் மட்டும் போகாது, ரப்பரில் பிறை மாதிரி கிழிசலும் விழும், அதை வாடகைக்கு எடுத்திருந்தால் காசும் போகும். விரலின் சதையால் பிடித்து ஏற்றப் பழகிவிட்டால் சாதா பாலிஷே இரண்டு மூன்று நாள் கௌரவமாக நிற்கிறது.

நகத்தைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பேஸ் கோட், மெல்லிசாக இரண்டு கோட், நகநுனியின் விளிம்பையும் மூடுகிற மாதிரி டாப் கோட். விளிம்பை மூடுவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், உரிகிறது தொடங்குவதே அங்கேதான். இன்னொன்று, அந்தமானில் மணல் பூச்சிக்காக டீட் கலந்த பூச்சி விரட்டி தடவுவார்கள். அது பாலிஷை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும், கடிகாரத்தின் பிளாஸ்டிக் முகப்பைக்கூட மங்க வைக்கும். தடவியதும் உள்ளங்கையையும் விரலையும் கழுவிவிட வேண்டும்.

இதன் பெரிய பலம், அழிப்பது விரலுக்கு அரை நிமிட வேலை என்பது. முதல் டைவுக்குப் போகிறவர்களுக்கும், சனி ஞாயிறு மட்டும் ராமேசுவரம் போய் வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

## ஜெல்

ஜெல் காய்வது இல்லை, விளக்கின் ஒளி பட்டு இறுகுவது. அதனால் கொக்கிக்கும் வாருக்கும் அசைவதில்லை, இரண்டு மூன்று வாரம் பளபளப்பு குறையாது. பத்துப் பன்னிரண்டு டைவ் இருக்கிற நீண்ட பயணத்தில் கலரை நினைக்கவே வேண்டாம் என்கிற நிம்மதி ஜெல்லில்தான் கிடைக்கும். நானும் அந்த நிம்மதிக்காகத்தான் ஒரு தடவை போட்டேன்.

ஆனால் ஜெல் உரியாது என்பது வேறு, தூக்காது என்பது வேறு. ஓரத்தில் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டால் அதற்குள் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், வெளியே வர வழி கிடையாது. நாள் முழுக்க ஈரத்தில் இருக்கிற டைவருக்கு அந்த இடுக்கில் கிருமி வளர்ந்து நகம் பச்சை நிறமாக மாறுகிறது உண்டு. கலர் ஜெல் போட்டிருந்தால் பச்சையானது அழிக்கிற வரைக்கும் தெரியவும் தெரியாது. விளிம்பில் கசிந்து தோலில் பட்ட ஜெல் சரியாக இறுகாமல் போனால் அலர்ஜியைக் கிளப்பும், அந்த அலர்ஜி ஒரு தடவை வந்தால் வாழ்க்கை முழுக்கக் கூட வரும்; நாளைக்குப் பல் அடைக்கப் போகும்போது அங்கேயும் இதே குடும்பத்துப் பொருள்தான். வீட்டிலேயே விளக்கு வாங்கி வைத்துப் போட்டுக்கொள்கிற பெண்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கிற டி.பி.ஓ. என்கிற ஒரு பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. அந்தப் பொருள் இல்லாத ஜெல்லும் விற்கிறார்கள், போடுவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அழிப்பதுதான் பெரிய கதை. மேல் பளபளப்பை அரத்தால் தேய்த்து, பஞ்சை அசிட்டோனில் நனைத்து ஒவ்வொரு நகத்திலும் வைத்து அலுமினியத் தாள் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, மெதுவாகத் தள்ளி எடுக்க வேண்டும். இரண்டு கைக்கும் முக்கால் மணி நேரம். அவசரப்பட்டுப் பிய்த்தால் ஜெல்லோடு சேர்ந்து நகத்தின் மேல் அடுக்கும் வரும். எனக்கு ஒரு பார்லரில் நேரம் இல்லை என்று மிஷினை வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதம் நகம் காகிதம் மாதிரி வளைந்தது, எலுமிச்சைச் சாறு பட்டால்கூட எரிந்தது, அந்த நகத்தை வைத்துக்கொண்டு ஃபின்ஸ் வாரை இழுக்க முடியவில்லை. ஆக, ஜெல்லின் விலை என்று பார்லரில் சொல்கிறது பாதி விலைதான். அழிக்கிற கூலி, அழித்த பிறகு நகம் தேறுகிற காலம், இந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

படகு ஏறுகிறதுக்கு முன்னால் ஒரு அவசரம் என்றால் சாதா பாலிஷை ஒரு விரலில் துடைத்துவிடலாம். ஜெல்லை அப்படி முடியாது. அதனால் ஜெல் போடுகிறதாக இருந்தால் ஒரு விரலையாவது விட்டுவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதம்.

## மருதாணி

நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மருதாணி இலையைக் கொட்டைப்பாக்கும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி வைப்பார்களே, அதை யாரும் நகப்பூச்சு என்று கணக்கில் எடுப்பதில்லை. டைவிங்குக்கு என்று பார்த்தால் இது பூச்சே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு. இலையில் இருக்கிற சாயம் நகத்தின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, மேலே படலம் கிடையாது, ஆகவே உரிய ஒன்றும் இல்லை, தூக்க ஒன்றும் இல்லை, கடலில் விழவும் ஒன்றும் இல்லை. வெட்சூட்டை எப்படி இழுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. தோலில் பிடித்த சிவப்பு கடலில் ஊற ஊறச் சீக்கிரம் வெளுத்துவிடும், நகத்தில் பிடித்தது அசையாது.

அசையாது என்பதே குறையும்கூட. இதை அழிக்க எந்த ரிமூவரும் கிடையாது. கை நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது, அடியிலிருந்து நுனிவரை புதுசாக வர நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும், அதுவரைக்கும் கீழே வெள்ளைப் பிறையும் மேலே செம்பழுப்புமாக இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் வைத்துவிட்டு வருத்தப்படக்கூடாது. நகக்கண்ணும் முழுசாகத் தெரியாது, ஆரஞ்சு கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி மங்கலாகத் தெரியும். நீலம் பாய்ந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆக்சிமீட்டருக்குச் சாதாரணச் சிவப்பு மருதாணி பெரிய தொந்தரவு இல்லை, ரொம்ப அடர்த்தியாகப் பிடித்திருந்தால் கருவி திணறலாம்.

கறுப்பு மருதாணி என்று கோனில் விற்பதைத் தொடவே தொடாதீர்கள். மருதாணி இலை கறுப்பாகப் பிடிப்பதில்லை. அதில் தலைமுடிச் சாயத்தில் போடுகிற ரசாயனம் கலந்திருக்கும், தோல் வெந்து கொப்புளம் வரும், கொப்புளத்தோடு உப்புத் தண்ணீரில் இறங்க முடியாது.

இன்னொன்று, இது ஆச்சி சொல்லித் தந்தது: மருதாணி குளிர்ச்சி, ராத்திரி முழுக்க வைத்தால் சிலருக்குச் சளி பிடிக்கும் என்று. அது மருதாணியால் வருகிறதா, ஈரக் கையோடு தூங்குவதால் வருகிறதா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மூக்கடைப்போடு டைவ் பண்ண முடியாது, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் பண்ண முடியாமல் செவிப்பறைக்கே ஆபத்து. உங்களுக்கு மருதாணியால் சளி பிடிக்கிற உடம்பு என்றால் டைவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, பகலில், வெயில் நேரத்தில் வைத்துக் கழுவிவிடுங்கள்.

## ஒட்டு நகம்

வேண்டாம். பசை தண்ணீரில் விடும், நகம் கடலில் விழும், அது முழுப் பிளாஸ்டிக். போட்டோவுக்கு வேண்டுமென்றால் கரையில் வைத்துக்கொண்டு, இறங்குகிறதுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். நீள நகமாக வளர்த்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: கண்ணையும் மூக்கையும் மூடி மாட்டுகிற டைவிங் மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பைக் கிழிக்க ஒரு நீள நகம் போதும்.

## நிறமில்லாத பாலிஷ், வெறும் நகம்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதிகமாக டைவ் பண்ணுகிற பெண்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் இதுதான், நானும் இங்கேதான் இருக்கிறேன். வெறும் நகம் திரும்பத் திரும்ப ஊறிக் காய்ந்தால் நுனி அடுக்கடுக்காகப் பிரியும். நிறமில்லாத பாலிஷ் ஒரு கோட் இருந்தால் தண்ணீர் உள்ளே போவது கொஞ்சம் குறைகிறது, நகக்கண் பளிச்சென்று தெரிகிறது, நுனியில் உரிந்தாலும் கண்ணில் படாது, அழிப்பதும் சுலபம்.

வெறும் நகம் வைத்திருப்பவர்கள் ராத்திரி நகத்தின் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஓரத் தோல் காய்ந்து கிழிந்தால் நகச்சுத்திக்கு வழி அதுதான், அப்புறம் எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு ரூமில் உட்கார வேண்டியதுதான், டைவ் கிடையாது. ஆனால் காலையில் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாமான்களைத் தொட வேண்டும். அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், ஆகவே ஆக்சிஜன் சிலிண்டர், அதன் வால்வு, ஆக்சிஜன் செறிவூட்டிய காற்று நிரப்புகிற கருவி எதையும் எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது.

## அழிப்பதில் மறைந்திருக்கிற செலவு

ரிமூவர் ஒரு சின்ன பாட்டில்தானே என்று பையில் போட்டுக்கொள்கிறோம். நான் அப்படிப் போட்டு, மூடி சரியாக இறுகாமல், கேமராவின் தண்ணீர் புகாத பெட்டிமேல் கசிந்தது. அதன் அக்ரிலிக் முகப்பு பால் மாதிரி வெளுத்துவிட்டது, துடைத்தாலும் போகவில்லை, அந்தப் பயணத்தில் எடுத்த படம் ஒன்றும் இல்லை. அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும், மாஸ்க் சட்டத்திலும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டுகிற டைவிங் கம்ப்யூட்டரிலும் இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும். "அசிட்டோன் இல்லாதது" என்று அட்டையில் போட்டிருந்தால் நகத்துக்குத்தான் கொஞ்சம் மென்மை, அதில் இருக்கிற எத்தில் அசிட்டேட்டும் பிளாஸ்டிக்குக்கு எதிரிதான். கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு மாஸ்க்கில் அது இரண்டும் மட்டுமா இருக்கிறது?

அடுத்தது தீ. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளக்கூடிய ஆவி விடும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். படகில் அவசர ஆக்சிஜன் பெட்டி இருக்கும், என்ஜின் இருக்கும், யாராவது பீடி பற்ற வைப்பார்கள். படகில் ரிமூவரைத் திறக்கவே கூடாது. டைவ் சென்டரில் கம்ப்ரசர் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது, ஏனென்றால் அது இழுக்கிற காற்றுதான் நாளைக்கு உங்கள் சிலிண்டரில் இருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். டைவ் பண்ணி உடம்பில் நைட்ரஜன் குமிழி தங்கி நோய் கண்டுவிட்டால் உயரழுத்த ஆக்சிஜன் அறையில் படுக்க வைப்பார்கள். அந்த அறைக்குள் தீ பயம் மிக அதிகம் என்பதால் எண்ணெய், சென்ட், லிப்ஸ்டிக் மாதிரி நெயில் பாலிஷையும் பல மையங்களில் அனுமதிப்பதில்லை, முக்கியமாகப் புதுசாகப் போட்டதை. அந்த நேரத்தில் அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காருகிற நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

நான் இப்போது பாட்டிலே எடுத்துப் போவதில்லை. பேன்சி ஸ்டோரில் சின்ன வட்ட டப்பாவில் ரிமூவரில் நனைத்த பஞ்சு வட்டங்கள் விற்கிறார்கள், அது சிந்தாது, விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போகவும் பாட்டிலைவிடத் தொந்தரவு குறைவு. அதை ஒரு ஜிப் பையில் போட்டு, டைவிங் சாமான்கள் இல்லாத வேறு பையில் வைக்கிறேன். துடைத்த பஞ்சை அதே ஜிப் பையில் ஊருக்குக் கொண்டு வந்துவிடுகிறேன், தீவில் போடுவதில்லை. இந்தப் பஞ்சு ஜெல்லை அழிக்காது, சாதா பாலிஷுக்கு மட்டும்தான்.

நேரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பல நாள் டைவ் பண்ணியவர்கள் கடைசி டைவுக்கு அப்புறம் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. அந்தக் கடைசி நாள் சும்மாதானே இருக்கிறோம், அழிப்பது, திரும்பப் போடுவது எல்லாவற்றையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

| | போட | அழிக்க | இரண்டு நாள் டைவுக்குப் பிறகு | நகக்கண் |
|---|---|---|---|---|
| சாதா கலர் | அரை மணி, இறுக ஒரு ராத்திரி | ஐந்து பத்து நிமிடம் | நுனி உரியலாம் | தெரியாது |
| ஜெல் | ஒரு மணி நேரம் | முக்கால் மணி, அசிட்டோனோடு | அப்படியே இருக்கும் | தெரியாது |
| மருதாணி | பல மணி நேரம் | முடியாது, வளர்ந்துதான் போகும் | அப்படியே இருக்கும் | மங்கலாக |
| நிறமில்லாதது | கால் மணி, இறுக ஒரு ராத்திரி | ஐந்து நிமிடம் | உரிந்தாலும் தெரியாது | தெரியும் |

## யாருக்கு எது

ஒரு நாள், இரண்டு நாள் என்று போய் வருகிறவளுக்குச் சாதா பாலிஷ். நாளைக்கே டைவ், கையில் அடர்ந்த கலர் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் அழிக்கவேண்டியதில்லை, இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை மட்டும் அழித்துவிட்டுப் போங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

ஒரு வாரம் பத்து நாள் தீவில் தங்குகிறவளுக்கு, ஊரில் பொறுமையாக அழித்துத் தருகிற பார்லர் இருந்தால் மட்டும் ஜெல். கிளம்புகிற அன்று போடாமல் மூன்று நான்கு நாள் முன்னாலேயே போட்டுவிட்டால், ஓரம் தூக்குகிறதா என்று ஊரிலேயே தெரிந்துவிடும், சரி பண்ணிக்கொண்டு போகலாம். தூக்கியிருந்தால் அதோடு இறங்காதீர்கள்.

டைவிங் கற்றுத் தருகிறவர்களும், கடலடி ஆராய்ச்சிக்காக நாள்தோறும் இறங்குகிறவர்களும் நிறமில்லாததோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறவளுடைய நகக்கண் எப்போதும் தெரிய வேண்டும்.

கால் விரலுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம். கால் ஃபின்ஸுக்குள் இருக்கிறது, கொக்கி இழுக்கிற வேலை அதற்கு இல்லை, அவசரத்தில் யாரும் முதலில் அதைப் பார்ப்பதும் இல்லை. பிடித்த கலரை, ஜிகினா இல்லாமல், தாராளமாகப் போடுங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போட வேண்டும், நீளமாக இருந்தால் ஃபின்ஸுக்குள் முட்டி நகம் கறுத்துவிடும்.

இப்போது மோதிர விரலுக்கு மட்டும் வேறு கலர் போடுகிற பழக்கம் வந்திருக்கிறது இல்லையா, அதைத்தான் என் அண்ணன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மருதாணி எட்டு விரலுக்கு, இரண்டு கையிலும் மோதிர விரல் நகத்தை மட்டும் விட்டுவிட்டு அங்கே நிறமில்லாத பாலிஷ். காலுக்கு ஜெல், அவளுக்குப் பிடித்த திராட்சைக் கலர். கல்யாண வீட்டில் மைனி அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்த ஒரு விரலை மட்டும் ஏன் மூளியா விட்டுட்ட?" என்று கேட்டார். அவள் அந்த விரலின் நகத்தை அழுத்தி, வெளுத்து, திரும்ப ரோஸ் வருகிறதைக் காட்டினாள். மைனி தன் விரலையும் அழுத்திப் பார்த்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் விரலையும்.